போர்க்காலப் பிரிட்டனில் தொற்றுநோய்த் தடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1939 முதல் 1945 வரை பிரிட்டன் நகரங்களில் குண்டு விழுந்தது, குழாய் உடைந்தது, லட்சக்கணக்கானோர் ஊர் மாறினார்கள், சுரங்கங்களில் நெருக்கியடித்துத் தூங்கினார்கள். இப்படிப்பட்ட சூழலில் கொள்ளைநோய் வராமல் இருந்ததே பெரிய செய்தி. எப்படி வராமல் போனது, எங்கே தடுக்க முடியாமல் போனது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

ஒரு ஊரின் சுகாதாரத்துக்கு யார் பொறுப்பு? லண்டனிலிருந்த அமைச்சகமா?

இல்லை. உள்ளாட்சி மன்றம்தான் பொறுப்பு. ஒவ்வொரு மன்றத்துக்கும் ஒரு சுகாதார அலுவலர் இருந்தார். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர், மன்றத்தின் சம்பளக்காரர். அவருக்குக் கீழே துப்புரவு ஆய்வாளர்கள், வீடு வீடாகப் போகும் சுகாதாரச் செவிலியர்கள், பள்ளிச் செவிலியர்கள், தொற்றுநோய் மருத்துவமனை ஆகியவை இருந்தன. 1936ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவருக்கு அதிகாரம் கொடுத்தது. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டங்கள். அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பும், பணம் கொடுக்கும், மருந்து வாங்கித் தரும். வீட்டுக் கதவைத் தட்டுவது உள்ளூர்க்காரர்கள்தான். போர் வந்ததும் முதலுதவி நிலையங்கள், ஆம்புலன்ஸ், சவக்கிடங்கு வரை பல ஊர்களில் இதே அலுவலரின் தலையில் விழுந்தன. சென்னை மாகாணம் 1939இல் கொண்டுவந்த பொதுச் சுகாதாரச் சட்டமும் சுகாதார அலுவலரை மையமாக வைத்ததுதான். ஆகவே இந்த அமைப்பு தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

ஒரு குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) என்று டாக்டர் சந்தேகப்பட்டால் அன்றைக்கு என்ன நடக்கும்?

முதல் வேலை மருந்து. தொண்டையில் சாம்பல் நிறத்தில் சவ்வு படிந்திருக்கிறது, துடைத்தால் ரத்தம் கசிகிறது, கழுத்து வீங்கியிருக்கிறது என்றால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த நச்சுமுறிவு ஊசியை உடனே போட வேண்டும். நோயின் கடுமையைப் பொறுத்துப் பத்தாயிரம் யூனிட்டிலிருந்து ஒரு லட்சம் யூனிட் வரை. கிருமி சுரக்கும் நஞ்சு இதயத் தசையில் ஒட்டிக்கொண்ட பிறகு ஊசியால் பயனில்லை. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

ஊசி போட்ட கையோடு தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சீரம் கலந்த ஊடகத்தில் 37 டிகிரி செல்சியஸில் ஓரிரவு வைத்தால் கிருமி வளர்ந்திருக்கும். இதற்குள் டாக்டர் அறிவிப்புப் படிவத்தை நிரப்பிச் சுகாதார அலுவலருக்கு அனுப்பியிருக்க வேண்டும். தனியார் மருத்துவருக்கு ஒரு படிவத்துக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டணம் உண்டு. அறிவிப்பு வந்ததும் தொற்றுநோய் மருத்துவமனையின் வண்டி வரும். ஆய்வாளர் வீட்டுக்குப் போய் யார் யார் அங்கே தூங்குகிறார்கள், எந்தப் பள்ளி, பால் எங்கிருந்து வருகிறது என்று எழுதிக்கொள்வார். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோருக்கும் தொண்டைப் பரிசோதனை. கிருமி இல்லை என்று தெரியும்வரை பள்ளிக்கு அனுமதி கிடையாது.

மருத்துவமனையில் பல வாரங்கள் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். நோய் தணிந்துவிட்டது என்று நினைத்துக் குழந்தையைச் சட்டென்று எழுப்பி உட்காரவைத்து, அந்த நொடியிலேயே இதயம் நின்றுபோன சாவுகள் உண்டு. செவிலியர்கள் இந்த ஒரு விஷயத்தில் இரக்கமே காட்டாததற்குக் காரணம் இதுதான்.

தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி முன்பே இருந்ததே? ஏன் 1940 வரை காத்திருந்தார்கள்?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. கனடாவின் டொராண்டோ, ஹாமில்டன் நகரங்கள் 1930களுக்குள்ளேயே இந்த நோயைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டன. பிரிட்டனில் அது மன்றங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. சில மன்றங்கள் செய்தன. பல மன்றங்கள் செலவைப் பார்த்து ஒதுங்கின. 1928இல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில், கிருமி புகுந்த ஒரே மருந்துக் குப்பியால் 12 குழந்தைகள் இறந்த செய்தி வேறு பெற்றோரைப் பயமுறுத்தியிருந்தது. குப்பியில் கிருமியைத் தடுக்கும் பொருள் சேர்க்காததுதான் அங்கே நடந்த தவறு. ஆனாலும் பழி ஊசியின் மேலேயே விழுந்தது.

குண்டுவீச்சு தொடங்கி, குழந்தைகள் நெருக்கமான இடங்களில் கலந்ததும் அமைச்சகம் 1940இன் கடைசியில் மருந்தை வாங்கி மன்றங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. 1940இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான நோயாளிகள் 46,281, சாவு 2,480. 1945இல் சாவு 722 ஆகக் குறைந்தது. அந்த மருந்து பத்தாண்டு முன்னால் இலவசமாக வந்திருந்தால் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்பதை இந்த எண்களை வைத்தே கணக்குப் போடலாம்.

ஊசியை எப்படிப் போட்டார்கள்?

படிகாரம் சேர்த்து வீழ்படிவாக்கிய, வீரியம் நீக்கிய நஞ்சுதான் மருந்து. முதல் ஊசி 0.2 சி.சி., குறைந்தது நான்கு வாரம் கழித்து 0.5 சி.சி., மேல்கையில். முதல் பிறந்தநாளுக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று பெற்றோரிடம் சொன்னார்கள்.

தவறு நேர்ந்த இடங்கள் மூன்று. வீழ்படிவு குப்பியின் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் எடுத்தால் முதல் வரிசைக் குழந்தைகளுக்கு வெறும் தண்ணீர்தான் போகும். இரண்டாவது, நான்கு வார இடைவெளியில் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விடும், இரண்டாவது ஊசி நின்றுபோகும். அதனால்தான் தாயின் கையிலும் அட்டை, அலுவலகத்திலும் அட்டை என்று இரட்டைப் பதிவு தேவைப்பட்டது. மூன்றாவது, ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிட்டது என்ற நம்பிக்கை. எதிர்ப்புச் சக்தி வளரச் சில வாரங்கள் ஆகும். ஊரில் நோய் வந்த பிறகு கிளினிக்கில் கூட்டம் கூடுவதால் அந்த அலை நிற்காது.

பெரிய பிள்ளைகளுக்குத் தேவையா என்று பார்க்க ஷிக் சோதனை இருந்தது. ஒரு முன்கையில் தோலுக்குள் 0.2 சி.சி. நீர்த்த நஞ்சு, மறு கையில் அதையே சூடாக்கி வீரியம் அழித்த திரவம். நஞ்சு போட்ட கை மட்டும் சில நாளில் சிவந்தால் எதிர்ப்புச் சக்தி இல்லை. இரண்டு கையும் சிவந்து சீக்கிரம் மறைந்தால் அது புரத ஒவ்வாமை. சின்னக் குழந்தைகளுக்கு இந்தச் சோதனையில் நேரம் செலவிடாமல் நேராக ஊசி போட்டதுதான் சரி.

1939 செப்டம்பரில் குழந்தைகளை வெளியூருக்கு அனுப்பியபோது நோய் பரவியதா?

செப்டம்பர் முதல் மூன்று நாட்களில் ஏறக்குறைய 15 லட்சம் பேர் நகரங்களைவிட்டுக் கிளம்பினார்கள். எல்லோரும் பயந்த பெருந்தொற்று வரவில்லை. வந்தது பேன், சிரங்கு, தோல் புண்.

பேனைப் பார்த்துக் கிராமத்து வீட்டுக்காரர்கள் அதிர்ந்துபோய்த் தாய்மாரைத் திட்டினார்கள். ஆனால் குழந்தைகள் கோடை விடுமுறை முடிந்த கையோடு கிளம்பியவர்கள். பள்ளிச் செவிலியர் தலையைப் பார்த்துப் பல வாரம் ஆகியிருந்தது. அதைவிடப் பெரிய உண்மை, பள்ளி ஆய்வுப் பதிவுகள் பேன் கணக்கைக் குறைத்துக் காட்டிவந்தன. கென்னத் மெலன்பி என்ற பூச்சியியலாளர் தொற்றுநோய் மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவேடுகளைத் திரட்டிப் பார்த்தார். அங்கே ஒவ்வொரு தலையையும் பொறுமையாகச் சோதித்து எழுதியிருந்தார்கள். தொழில் நகரங்களில் பள்ளி வயதுக்கு முந்தைய பெண் குழந்தைகளில் பாதிப் பேருக்குப் பேன் இருந்தது 1941இல் வெளிவந்தது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும் ஆய்வில் தாய் முதல்நாளே சீவி அனுப்புவாள், ஈர் (பேன் முட்டை) மட்டும் மிஞ்சும். அவசரமாகப் பார்ப்பவர் கண்ணில் அது படாது.

சீப்பால் வாரினால் நடமாடும் பேன் போகும், முடியில் ஒட்டிய ஈர் ஒரு வாரத்துக்குப் பிறகு பொரிக்கும். போரின் நடுவில் வந்த லெத்தேன் எண்ணெய் அதற்குத்தான் உதவியது. தலையில் கொஞ்சம் தடவி, கழுவாமல் ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் பொரித்து வரும் பேனும் சாகும். ‘சுத்தமாக இருக்கட்டும்’ என்று மறுநாளே தலைக்குக் குளிப்பாட்டினால் எல்லாம் வீண்.

சிரங்கை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள்?

போர் தொடங்கும் முன்பே ஏறத் தொடங்கியிருந்த நோய் இது. போர்வை, உள்ளாடை வழியாகப் பரவுகிறது என்று நம்பி ராணுவம் மலைமலையாகத் துணிகளை நீராவியில் வேகவைத்துக்கொண்டிருந்தது. மெலன்பி ஷெஃபீல்டில், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த தன்னார்வலர்களை வைத்துச் சோதித்தார். சிரங்கு வந்த சிப்பாய்களின் துவைக்காத உள்ளாடையை அணிந்தார்கள், அவர்கள் போர்த்திய போர்வைக்குள் வெற்றுடம்போடு தூங்கினார்கள். தொற்று மிக அரிதாகவே வந்தது. நோயாளியோடு ஒரே படுக்கையில் படுத்தபோது வந்தது. நேரடி உடல் தொடர்பே வழி என்று உறுதியானது.

வேறு இரண்டு விஷயங்களும் தெரிந்தன. சிரங்கை உண்டாக்கும் நுண்ணிய பூச்சிகளில், முழு வளர்ச்சியடைந்த பெண் பூச்சிகள் ஒரு நோயாளி உடலில் சராசரியாகப் பதினொன்றுதான், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தோ அதற்குக் குறைவோ. முதல்முறை தொற்றியவருக்கு ஒரு மாதம் வரை அரிப்பே வராது. அதற்குள் அவர் வீட்டில் எல்லோருக்கும் கொடுத்துவிடுவார். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பவரையும் சேர்த்துச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். 1941இல் வந்த சிரங்கு ஆணை, வீட்டாரையும் உடன் இருப்பவர்களையும் சோதிக்கவும் சிகிச்சைக்கு வரச்சொல்லவும் சுகாதார அலுவலருக்கு அதிகாரம் கொடுத்தது.

சிகிச்சை முறை: 25 சதவீத பென்சைல் பென்சோயேட் குழம்பு. வீட்டில் அத்தனை பேரும் ஒரே நாளில் வர வேண்டும். உடை முழுவதும் களைந்து, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை தூரிகையால் பூச வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஏறக்குறைய 2 அவுன்ஸ் செலவாகும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை, அக்குள், பிட்டம், பிறப்புறுப்பு, கணுக்கால் இவற்றில் எதையும் விடக்கூடாது. புண் உள்ள இடத்தில் சுரீரென்று எரியும். முன்பே சொல்லிவைத்தால் பாதியில் ஓடமாட்டார்கள். காய்ந்ததும் அதே உடையைப் போட்டுக்கொள்ளலாம், 24 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். பல ஊர்களில் விஷவாயுத் தாக்குதலுக்கென்று கட்டிச் சும்மா கிடந்த குளியல் கூடங்களே இதற்குப் பயன்பட்டன.

எங்கே கெடும்? ஒருவர் வேலைக்குப் போய்விட்டு வராமல் போவார், அடுத்த மாதம் குடும்பமே திரும்ப வரும். இன்னொன்று, பூச்சி செத்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அரிப்பு இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் பூசினால் தோல் வெந்து புதுப் புண் வரும். பழைய கந்தகக் களிம்புக் காலத்தில் மருந்தால் வந்த இந்தப் புண்ணையே சிரங்கு என்று நினைத்து மேலும் களிம்பு பூசினார்கள்.

பதுங்கிடங்களில் ஏன் பெருந்தொற்று வரவில்லை?

1940 செப்டம்பர் 27ஆம் தேதி இரவு லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் மட்டும் 1,77,000 பேர் தூங்கினார்கள். அது பெருங்கூட்டம்தான். ஆனால் நவம்பரில் எடுத்த கணக்கெடுப்பின்படி லண்டன்காரர்களில் சுமார் 4 சதவீதம்தான் சுரங்க நிலையங்களில் இருந்தார்கள். பெரும்பாலானோர் சொந்த வீட்டிலேயே தூங்கினார்கள்.

ஆரம்பத்தில் நிலைமை கேவலமாக இருந்தது. கிழக்கு லண்டனின் ஸ்டெப்னியில் டில்பரி என்ற சரக்குக் கிடங்கில் ஆயிரக்கணக்கானோருக்குப் பெயருக்குத்தான் கழிப்பிடம். ஹார்டர் பிரபு தலைமையில் அமைந்த குழு பரிந்துரைத்த பிறகு கட்டில் அடுக்குகள், அனுமதிச்சீட்டு, ரசாயனக் கழிப்பறை, காற்றோட்டம், இரவு செவிலியர், முதலுதவி அறை வந்தன. அனுமதிச்சீட்டால் ஒருவர் தினமும் ஒரே இடத்தில் படுத்தார். நோய் வந்தால் பக்கத்தில் யார் என்று தெரிந்தது. தலைமாடும் கால்மாடும் மாற்றிப் படுக்கவைத்தால் இருமல் நேரே முகத்தில் தெறிக்காது. படுக்கையைக் காலையில் வீட்டுக்கு எடுத்துப் போய்க் காயவைக்கச் சொன்னார்கள். செவிலியரின் பெரிய வேலை ஊசியோ மருந்தோ இல்லை. காய்ச்சல், தடிப்பு உள்ள குழந்தையை வாசலிலேயே பார்த்துத் தனியே அனுப்புவதுதான்.

குழாய் உடைந்தால் டைபாய்டை எப்படித் தடுத்தார்கள்?

1937இல் கிராய்டனில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. கிணற்றில் வேலை செய்த ஒருவர் கிருமியைச் சுமந்திருந்தார், அதே சமயம் குளோரின் சேர்ப்பது நின்றிருந்தது. 341 பேருக்கு டைபாய்டு, 43 சாவு. கிணற்றில் வேலை நடப்பது பொறியாளர்களுக்குத் தெரியும், சுகாதார அலுவலருக்குத் தெரியாது. போரின்போது எல்லா நீர் நிறுவனங்களையும் குளோரின் சேர்க்கச் சொன்னதன் பின்னால் அந்த 43 சாவும் இருக்கின்றன.

குண்டுப் பள்ளத்தில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் சேர்ந்தே உடையும். அழுத்தம் குறைந்தால் குடிநீர்க் குழாய் சாக்கடையை உள்ளே உறிஞ்சும். அதனால் முதலில் வால்வை மூடி அந்தப் பகுதியைத் துண்டிப்பார்கள். ஒலிபெருக்கி வண்டியும் துண்டறிக்கையும் ‘காய்ச்சிக் குடியுங்கள்’ என்று சொல்லும். பள்ளத்தில் தேங்கியதை இறைத்து, அறுந்த முனைகளை அடைத்து, புதுக் குழாய் பொருத்தி, தெருக் குழாயைத் திறந்து அலசுவார்கள். பிறகு அளவுக்கு மேல் குளோரின் நிரப்பி ஊறவிட்டு மறுபடி அலசி, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை காய்ச்சும் அறிவிப்பை எடுக்கக் கூடாது.

எவ்வளவு குளோரின் என்ற கணக்கு எளிது. பிரிட்டிஷ் கேலன் ஒன்றின் எடை 10 பவுண்டு. ஆகவே ஒரு லட்சம் கேலனுக்கு ஒரு பவுண்டு குளோரின் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சலவைத்தூளில் (பிளீச்சிங் பவுடர்) பயன்படும் குளோரின் 25 சதவீதம் என்றால் 4 பவுண்டு தூள் வேண்டும். பீப்பாய் ஈரத்தில் திறந்து கிடந்தால் வீரியம் பறந்துவிடும். தூளின் எடையை நம்பாமல் தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரினைச் சோதிப்பதே பாதுகாப்பு. ஆர்த்தோடாலிடின் என்ற சோதனைத் திரவத்தில் சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும், வராவிட்டால் தண்ணீரில் உள்ள அழுக்கே குளோரினைத் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

பாலும் முட்டைத்தூளும் ஆபத்தாக இருந்தனவா?

பால் ஆபத்துதான். 1936இல் போர்ன்மவுத், பூல் பகுதியில் காய்ச்சாத பாலால் டைபாய்டு பரவி நூற்றுக்கணக்கானோர் படுத்தார்கள். அப்படியிருந்தும் போர் முடியும்வரை நாடு முழுவதற்கும் பாஸ்சரைசேஷன், அதாவது பாலைச் சூடாக்கிக் கிருமியைக் கொல்வது, கட்டாயமாகவில்லை. பதப்படுத்திய பாலுக்குப் பழகிய நகரத்துக் குழந்தைகள் பண்ணை வீடுகளில் கறந்த பாலை அப்படியே குடித்தார்கள். மாட்டுக் காசநோய் அப்படித்தான் வரும். பண்ணையாளர்களின் எதிர்ப்புக்கு அரசு இவ்வளவு இடம் கொடுத்திருக்கக் கூடாது.

அமெரிக்க முட்டைத்தூளில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருந்தது. தூளாக இருக்கும்வரை அது பெருகாது, கரைத்த பிறகு பெருகும். ஒரு மட்டக் கரண்டித் தூளுக்கு இரண்டு கரண்டித் தண்ணீர் ஒரு முட்டைக்குச் சமம். வேண்டிய அளவு மட்டும் கரைத்து உடனே நன்றாக வேகவைத்தால் தொல்லையில்லை. காலையில் கரைத்ததை மாலைவரை அடுப்படி வெதுவெதுப்பில் வைத்த சமையலறைகளில்தான் வயிற்றுப்போக்கு வந்தது.

மூளைக்காய்ச்சல்?

1940இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12,000க்கு மேற்பட்ட நோயாளிகள். அதுவரை காணாத எண்ணிக்கை. பாசறை நெருக்கமும் கடுங்குளிரும் சேர்ந்துகொண்டன. ஆனால் ‘எம் அண்ட் பி 693’ என்ற சல்ஃபா மாத்திரை 1938லேயே வந்துவிட்டதால் முந்தைய போரில் பெரும்பாலானோரைக் கொன்ற நோயில் இந்த முறை பெரும்பாலானோர் பிழைத்தார்கள்.

எதில் தோற்றார்கள்?

காசநோயில். 1939இல் குண்டுவீச்சுக் காயக்காரர்களுக்கு இடம் வேண்டும் என்று சானடோரியங்களிலிருந்து (காசநோய் மருத்துவமனைகள்) ஆயிரக்கணக்கான நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களில் சளியில் கிருமி உள்ளவர்களும் இருந்தார்கள். இருட்டடிப்புக்காகச் சன்னல் மூடிய சின்ன அறையில் பிள்ளைகளோடு படுத்தார்கள். 1940, 1941இல் காசநோய்ச் சாவு ஏறியது. எதிர்பார்த்த அளவு காயக்காரர்கள் வரவில்லை, படுக்கைகள் காலியாகக் கிடந்தன. போர்க்காலச் சுகாதார முடிவுகளில் மிக மோசமானது இதுவே.

1943இல் சிறு படச்சுருளில் மார்பு எக்ஸ்ரே எடுக்கும் நடமாடும் கருவிகள் வந்தன. அதே ஆண்டு நோயாளியின் குடும்பத்துக்கு உதவித்தொகையும் வந்தது. அதற்கு முன்னால், நோய் இருப்பது தெரிந்தால் சம்பளம் போய்விடுமே என்று மறைத்தவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தத் தொகை குணமாகி வேலைக்குத் திரும்பக்கூடியவர்களுக்கு மட்டும். நாள்பட்ட நோயாளிகள்தான் வீட்டில் அதிகம் பரப்பினார்கள், அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பால்வினை நோய்க்குக் கட்டாயச் சிகிச்சை இருந்ததா?

1942 நவம்பரில் 33பி என்ற விதி வந்தது. ஒரே நபரை இரண்டு நோயாளிகள் தனித்தனியே குறிப்பிட்டால் அவரைச் சோதனைக்கு வரச்சொல்லலாம், மறுத்தால் வழக்கு. சுகாதார அலுவலரின் கைக்கு வந்த பெயர்களில் பெரும்பாலானவை ஒருமுறைதான் வந்தன, அவர்களைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. வடகிழக்கு இங்கிலாந்தின் டைன் ஆற்றுப் பகுதியில் செவிலியர்கள் ரகசியமாக வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்துவந்த வழி அதைவிட நல்ல பலன் தந்தது.

பெரியம்மை வந்ததா?

1942இல் பம்பாயிலிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வந்த கப்பலோடு வந்தது. பெரியம்மைத் தடுப்பூசி பெயரளவில் கட்டாயமாக இருந்த இங்கிலாந்தில்கூட மனச்சாட்சி விலக்குக் கேட்பவர்கள் ஏராளம். கிளாஸ்கோவில் பல லட்சம் பேர் வரிசையில் நின்று குத்திக்கொண்டார்கள். நோயாளியோடு பழகியவரைப் பதினாறு நாள் தினமும் பார்த்து, காய்ச்சல் வந்தால் உடனே பிரித்தார்கள். நோயை நிறுத்தியதில் அந்த வீட்டுக்கு வீடு நடைக்கே பெரும்பங்கு.

ஆய்வகம் இல்லாத சின்ன ஊர்கள் என்ன செய்தன?

போர் தொடங்கியதும் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பொறுப்பில் அவசரப் பொதுச் சுகாதார ஆய்வகச் சேவை தொடங்கப்பட்டது. எதிரி கிருமியை வீசுவான் என்ற பயமும் ஒரு காரணம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், கார்டிஃப் போன்ற இடங்களில் ஆய்வகங்கள் அமைந்தன. கிராமத்து அலுவலர் அனுப்பும் தொண்டை மாதிரி, மலம், தண்ணீர், பால் எல்லாம் அங்கே போயின. அதில் பணியாற்றிய கிருமியியலாளர்கள் ஃப்ரெட் கிரிஃபித்தும் வில்லியம் ஸ்காட்டும் 1941 ஏப்ரலில் லண்டன் குண்டுவீச்சில் இறந்தார்கள். கிருமி வீச்சு நடக்கவே இல்லை. ஆனால் ஆய்வகங்கள் நிலைத்தன, போருக்குப் பிறகு நிரந்தரச் சேவையாகின. மாதிரி அனுப்புபவர் செய்யும் தவறுகளும் அப்படியே நிலைத்தன: பெயர் எழுதாத குப்பி, சனிக்கிழமை மதியம் அஞ்சலில் போட்டுத் திங்கள்வரை கிடந்த மலம், குளோரின் நீக்கும் மருந்து போடாத புட்டியில் பிடித்த தண்ணீர். கடைசியது மிக ஆபத்து. புட்டிக்குள் குளோரின் தொடர்ந்து கிருமியைக் கொல்லும், அழுக்கான தண்ணீர் நல்ல தண்ணீர் என்று முடிவு வரும்.